எண்ணெய்க் கிணற்றுச் சிமென்ட்டும் அடி அழுத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் முதல் வேலைக்குப் போகும் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலர் காரைக்கால் பக்கம் பயிற்சிக்குப் போகிறவர்கள், சிலர் வளைகுடாவுக்கு விசா வந்தவர்கள். ஒன்றிரண்டு கேள்விகள் டெல்டா விவசாயிகள் கேட்டவை. சிமென்ட்டைக் கலந்து பம்ப் செய்யும் யூனிட் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கணக்கு வரும் இடங்களில் பேனாவும் தாளும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். கணக்கு போட்டால்தான் பயம் எங்கே வரவேண்டும் என்று புரியும்.

எண்ணெய்க் கிணறு என்றால் உள்ளே எண்ணெய் தேங்கி நிற்குமா?

இல்லை. எண்ணெயும் வாயுவும் பாறையின் நுண்துளைகளில் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கின்றன. நாம் போடுவது அந்தப் பாறை வரைக்கும் ஒரு ஒடுங்கிய துளை, அவ்வளவுதான். துளையும் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்காது. கொஞ்ச ஆழம் துளையிட்டு, கேசிங் என்ற இரும்புக் குழாயை இறக்கிச் சிமென்ட் போடுவார்கள். அப்புறம் அதற்குள்ளே சிறிய பிட்டை (துளையிடும் முனையை) விட்டு இன்னும் ஆழம் போவார்கள். 20 அங்குலம், பதின்மூன்றே முக்கால் அரைக்கால் என்று நம் ஆட்கள் தடுமாறும் 13 3/8, பிறகு 9 5/8, கடைசியில் 7 என்பது வழக்கமான வரிசை. கோபுரத்தைத் தலைகீழாக மண்ணுக்குள் இறக்கிவைத்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். (13 3/8 என்பது பதின்மூன்றும் எட்டில் மூன்றும். முதல் நாளே இதைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள்.)

இரும்புக் குழாய் இருக்கும்போது சிமென்ட் எதற்கு?

குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதே, அதற்குத்தான். 8½ அங்குலத் துளைக்குள் 7 அங்குலக் கேசிங் நிற்கிறது என்றால், சுற்றிலும் முக்கால் அங்குலச் சந்து கிடைக்கும். ஒரு கட்டைவிரல் அகலம். அந்தச் சந்தை அடைக்காவிட்டால் கீழே உள்ள வாயு குழாய்க்கு வெளியே ஏறி மேல் அடுக்குகளுக்கு, ஏன், தரைக்கே வந்துவிடும். உப்புநீர் அடுக்கு நல்லநீர் அடுக்கோடு கலக்கும். அடுக்குக்கு அடுக்கு தொடர்பில்லாமல் பிரித்துவைப்பதுதான் சிமென்ட்டின் முதல் வேலை. குழாயைத் தாங்கிப் பிடிப்பதும் துருவிலிருந்து காப்பதும் அதற்குப் பிறகுதான்.

தொடக்கத்தில் இது வாயுவுக்காக வந்த யோசனையும் அல்ல. 1903இல் கலிஃபோர்னியாவின் லாம்போக் வயலில் கிணற்றுக்குள் நீர் புகுவதைத் தடுக்கத்தான் சிமென்ட் போட்டுப் பார்த்தார்கள். அது வேலை செய்தது.

வீடு கட்டும் சிமென்ட்டையே போட்டால் என்ன?

குடும்பம் ஒன்றுதான். இரண்டுமே போர்ட்லாந்து சிமென்ட். ஆனால் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு இருக்கலாம். வீட்டுச் சிமென்ட் அங்கே பாதி வழியிலேயே இறுகி, குழாயையும் பம்பையும் அடைத்துவிடும். எண்ணெய்க் கிணற்றுக்கு ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரத்தில் ஜி வகுப்பு, எச் வகுப்பு என்று தனியாக அரைக்கிறார்கள். இந்தியாவில் ஐ.எஸ். 8229 என்ற தரநிலை உண்டு. இதில் மணலும் ஜல்லியும் கிடையாது. சிமென்ட்டும் நீரும் கலந்த குழம்பு, அதோடு கிணற்றுக்கு ஏற்ற மருந்துகள்.

மருந்து என்று நான் சொல்வது ரசாயனச் சேர்மானங்களை. ஆழமான சூடான கிணற்றுக்கு இறுகுவதைத் தள்ளிப்போட லிக்னோசல்ஃபோனேட். ஆழமில்லாத குளிர்ந்த கிணற்றில் சீக்கிரம் இறுக கால்சியம் குளோரைடு. எடையைக் குறைக்க பென்டோனைட் அல்லது நைட்ரஜன் நுரை. 110 டிகிரிக்கு மேல் போனால் சிமென்ட் எடையில் சுமார் 35 முதல் 40 சதவீதம் சிலிகா மாவு சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் முதலில் நன்றாக இறுகிய சிமென்ட் நாளாக ஆக வலிமை இழந்து பொடியும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். குழம்பு கலக்கும்போது ஒரு கப்பில் கொஞ்சம் பிடித்து யூனிட் மேல் வைப்பார்கள். புதிதாக வந்தவர்கள் அதை அமுக்கிப் பார்த்துவிட்டு “இறுகிவிட்டது சார்” என்பார்கள். அந்தக் கப் இருப்பது தரையின் சூட்டில், தரையின் அழுத்தத்தில். கீழே நடப்பது வேறு. அதைச் சொல்ல ஆய்வகத்தில் சூடும் அழுத்தமும் கொடுத்துச் சுழற்றிப் பார்க்கும் கன்சிஸ்டோமீட்டர் சோதனை வேண்டும். கப் ஒரு சாட்சி. அதுவே தீர்ப்பாகிவிடக் கூடாது.

ஒரு வேலைக்கு எத்தனை மூட்டை ஆகும்?

நம் உதாரணத்தையே எடுப்போம். 8½ அங்குலத் துளை, 7 அங்குலக் கேசிங், 500 மீட்டர் உயரத்துக்குச் சிமென்ட். சந்தின் பரப்பு 0.0118 சதுர மீட்டர். 500ஆல் பெருக்கினால் 5.9 கனமீட்டர். ஜி வகுப்புக்கு எடையில் 44 சதவீதம் நீர், அதாவது 50 கிலோ மூட்டைக்கு 22 லிட்டர். அதில் சுமார் 38 லிட்டர் குழம்பு கிடைக்கும். அப்படியானால் ஏறக்குறைய 155 மூட்டை.

இது துளை ஒழுங்காக இருந்தால். நிஜத்தில் பாறை சரிந்து சில இடங்களில் துளை அகன்றிருக்கும். அதனால் துளையின் அகலத்தை அளக்கும் கேலிப்பர் லாக் பார்த்துக் கூடுதல் சேர்ப்பார்கள். வெறும் பிட் அளவை வைத்துக் கணக்கு போட்டால், சிமென்ட் நினைத்த உயரத்துக்கு வராது.

இந்தக் குழம்பை அந்தச் சந்துக்குள் எப்படி ஊற்றுகிறார்கள்?

மேலிருந்து சந்துக்குள் ஊற்றுவதில்லை. கேசிங் குழாயின் உள்ளே பம்ப் செய்து, அடியில் திரும்பி, வெளிப்பக்கமாக மேலே ஏறவைக்கிறார்கள்.

துளைக்குள் ஏற்கனவே மட் நிற்கிறது, அதாவது துளையிடும்போது சுற்றவிடும் கனமான சேற்றுத் திரவம். இந்த மட், சிமென்ட் இரண்டும் கலந்தால் தயிர் போலக் கெட்டியாகிவிடும். அதனால் முதலில் ஸ்பேசர் என்ற திரவம் போகும். அதன் பின்னால் அடிப் பிளக் (ரப்பர் அடைப்பான்), பிறகு சிமென்ட், பிறகு மேல் பிளக், அதைத் தள்ளிக்கொண்டு மறுபடி மட். அடிப் பிளக்கின் நடுவில் மெல்லிய சவ்வு இருக்கும். கேசிங்கின் அடிப்பக்கம் உள்ள ஃப்ளோட் காலரில் போய் உட்கார்ந்ததும் அது கிழிந்து சிமென்ட்டுக்கு வழி விடும். மேல் பிளக் கெட்டியானது. அது உட்கார்ந்ததும் அழுத்தம் சட்டென்று ஏறும். அதுதான் “பிளக் பம்ப் (bump, முட்டியது) ஆச்சு” என்று எல்லோரும் காத்திருக்கும் நொடி. ஃப்ளோட் காலரில் உள்ள ஒருவழி வால்வு, வெளியே போன கனமான சிமென்ட் மறுபடி உள்ளே வராமல் தடுக்க வேண்டும்.

குழாய் துளையின் நடுவில் நிற்பதற்கு சென்ட்ரலைசர் என்ற வில் வளையங்களை மாட்டுவார்கள். குழாய் ஒரு சுவரில் சாய்ந்தால் சிமென்ட் அகலமான பக்கம் மட்டும் ஏறிப் போய்விடும். ஒடுங்கிய பக்கத்தில் மட் அப்படியே தங்கும். பின்னாளில் வாயு ஏறும் வாய்க்கால் அதுதான்.

அழுத்தத்தை அடக்குவது என்கிறார்களே, எதைக் கொண்டு?

எடையைக் கொண்டு. ஆழத்தை மீட்டரில் எடுத்து, மட்டின் அடர்த்தியால் பெருக்கி, 10ஆல் வகுத்தால் அடியில் சதுர செ.மீ.க்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 3000 மீட்டர் ஆழம், 1.20 அடர்த்தி மட் என்றால் 360 கிலோ. பாறைக்குள் இருக்கும் வாயு 345 கிலோவில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 கிலோ நம் பக்கம் மிச்சம். கிணறு அமைதியாக இருக்கும். அந்த மட்டுக்குப் பதில் வெறும் நீர் நின்றால் 300தான். வாயு உள்ளே வரும்.

அப்படியானால் கனமான மட்டையே போட்டுவிடலாமே என்று தோன்றும். முடியாது. பாறைக்கும் ஒரு தாங்குதிறன் உண்டு. 435 கிலோவுக்கு மேல் போனால் அது பிளந்து மட்டைக் குடிக்க ஆரம்பிக்கும். மட் குறைந்தால் உயரம் குறையும், உயரம் குறைந்தால் எடை குறையும், வாயு வேறொரு அடுக்கிலிருந்து உள்ளே வரும். 345க்கு மேல், 435க்குக் கீழ் என்ற இந்த ஜன்னலுக்குள்தான் மொத்த வேலையும். பம்ப் ஓடும்போது உராய்வால் அடி அழுத்தம் இன்னும் கொஞ்சம் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆழக்கடலில் இந்த ஜன்னல் மிகவும் குறுகிவிடும்.

கிக் வருவது எப்படித் தெரியும்?

கிக் என்றால் பாறையின் திரவம் கிணற்றுக்குள் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். தொட்டியில் மட்டின் அளவு கூடும். உள்ளே பம்ப் செய்வதைவிட வெளியே அதிகம் வரும். பம்பை நிறுத்திய பிறகும் கிணறு ஓடிக்கொண்டே இருக்கும். இந்தக் கடைசி அறிகுறியைப் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம், மூடுங்கள். பிட்டைத் தாங்கும் டிரில் பைப்பை வெளியே இழுக்கும்போது, இழுத்த இரும்பின் கொள்ளளவுக்கு மட் நிரப்ப வேண்டும். அதற்கான மட் வைத்திருக்கும் ட்ரிப் டேங்கில் அந்த அளவு குறையவில்லை என்றால், மிச்சத்தை வேறு ஏதோ நிரப்பிக்கொண்டிருக்கிறது.

முந்திப் பிடிப்பதுதான் முக்கியம். 3000 மீட்டரில் ஒரு பீப்பாய் வாயு தடையில்லாமல் மேலே வந்தால் ஏறத்தாழ 350 பீப்பாயாக விரியும். அதில் பெரும்பாலான விரிவு கடைசி சில நூறு மீட்டரில் நடக்கும். அதனால்தான் “ஒன்றும் இல்லை, கொஞ்சம்தான் ஓடுகிறது” என்று சொன்ன அரைமணியில் மட் கோபுரம் உயரத்துக்கு எழும்பும்.

மூடிய பிறகு டிரில் பைப் கேஜ் 20 கிலோ காட்டுகிறதா? 20ஐ 10ஆல் பெருக்கி 3000ஆல் வகுங்கள், 0.067. பழைய 1.20ஓடு கூட்டினால் 1.27. இதுதான் கிணற்றை அடக்கத் தேவையான புதிய மட்டின் அடர்த்தி. இதைச் சோக் வால்வு (ஓட்டத்தை ஒடுக்கும் வால்வு) வழியாக நிதானமாகச் சுற்றவிட்டு வாயுவை வெளியேற்றுவார்கள்.

பி.ஓ.பி. இருக்கிறதே, பிறகென்ன பயம்?

பி.ஓ.பி. என்பது கிணற்றின் தலையில் நின்று அவசரத்தில் அதை மூடும் கருவி (புளோஅவுட் பிரிவென்டர்). அது இரண்டாம் கதவு. முதல் கதவு மட்டின் எடை. 1922இல் அபர்க்ராம்பியும் கேமரனும் ஹூஸ்டனில் உருவாக்கிய ராம் வகைக் கருவியின் பரம்பரைதான் இன்றைக்கும் நாம் பயன்படுத்துவது. ரப்பர் வளையம் இறுக்கும் ஆனுலர், பைப்பைச் சுற்றி மூடும் ராம், எல்லாம் கைவிட்டால் பைப்பையே வெட்டி மூடும் ஷியர் ராம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். நல்ல கருவி. ஆனால் வாயு அதைத் தாண்டி மேலே வந்த பிறகு மூடினால், மேலே போனது போனதுதான்.

சிமென்ட் போட்டாயிற்று. இனி கவலையில்லை, சரிதானே?

இல்லை. இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத நினைத்தேன். சிமென்ட் போட்டு முடித்ததும் ரிக்கில் எல்லோருக்கும் ஒரு பெருமூச்சு வரும். பாதிப்பேர் சாப்பிடப் போவார்கள். கிணற்றின் மிக ஆபத்தான சில மணிநேரங்கள் அப்போதுதான் ஆரம்பிக்கின்றன.

அதே கிணற்றைப் பாருங்கள். சந்தில் மேலே 2500 மீட்டர் மட், அது 300 கிலோ. கீழே 500 மீட்டர் சிமென்ட் குழம்பு, அடர்த்தி 1.90, அது 95 கிலோ. மொத்தம் 395. வாயுவின் 345க்கு மேல் 50 கிலோ மிச்சம். ரொம்பப் பத்திரம் போலத் தெரியும்.

இப்போது பம்ப் நின்றுவிட்டது. குழம்பு அசையாமல் நிற்கிறது. மெல்ல மெல்ல ஜெல்லாகி, குழாயையும் பாறையையும் பிடித்துக்கொண்டு தன் எடையைத் தானே தாங்க ஆரம்பிக்கிறது. அதன் எடை அடியில் உள்ள வாயுவின் மேல் விழுவதில்லை. 1.90 அடர்த்திக் குழம்பு இப்போது அதற்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தை மட்டுமே கீழே கொடுக்கிறது. 95 கிலோ 50 ஆகிறது. மொத்தம் 350. மிச்சம் ஐந்தே கிலோ. அடுத்து, சிமென்ட் தன் வேதிவினைக்கு அந்த நீரையும் உறிஞ்சத் தொடங்கும். கொஞ்சம் நீர் பாறைக்குள்ளும் போகும். மேலே நிற்கும் மட் அந்த இழப்பை ஈடுகட்டத் தள்ளும், ஆனால் நடுவில் இறுகிக்கொண்டிருக்கும் சிமென்ட் அதை விடாது. அந்த ஐந்து கிலோவும் போய்விடும்.

அந்த நேரத்தில் சிமென்ட் திரவமும் இல்லை, கல்லும் இல்லை. எடையால் அமுக்கவும் முடியாது, உறுதியால் தடுக்கவும் முடியாது. வாயு அதற்குள் இழை இழையாக ஏறும். அப்புறம் சிமென்ட் இறுகும்போது அந்த இழைகள் நிரந்தரக் குழாய்களாக நின்றுவிடும்.

இதற்குச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஜெல் நிலையிலிருந்து கல் நிலைக்குச் சட்டென்று மாறும் கலவையை வடிவமைக்கலாம், லேட்டெக்ஸ் சேர்க்கலாம், நீர் இழப்பைக் குறைக்கலாம், அடிப்பகுதி முதலில் இறுகும்படி இரண்டு கலவைகள் போடலாம், வெளிச்சந்தின் மேல் அழுத்தம் கொடுத்து வைக்கலாம். ஆனால் எல்லாவற்றையும்விட எளிதானது, காத்திருப்பது. டபிள்யூ.ஓ.சி. (வெயிட் ஆன் சிமென்ட்) என்று போர்டில் எழுதிவைக்கும் அந்த மணிநேரங்களைக் குறைக்கும் அதிகாரம் யாருக்கும் இருக்கக்கூடாது என்பது என் கருத்து. சிமென்ட் குறைந்தது 35 கிலோ வலிமை, அதாவது 500 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), எட்டும்வரை பொறுப்பது வழக்கம்.

சிமென்ட் நன்றாகப் பிடித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சி.பி.எல். (சிமென்ட் பாண்ட் லாக்) என்ற லாக் ஒன்று. வெறும் குடத்தைத் தட்டினால் கணீரென்று கேட்கும், மண்ணில் புதைத்த குடத்தைத் தட்டினால் சத்தம் அடங்கிவிடும். அதே தத்துவம்தான். உள்ளே ஒலியை அனுப்பி, குழாய் அதிர்கிறதா, அடங்குகிறதா என்று அளக்கிறார்கள்.

இன்னொன்று அழுத்தச் சோதனை. உள்ளிருந்து அழுத்தம் கொடுத்துப் பார்ப்பது பாசிட்டிவ். உள்ளே வேண்டுமென்றே அழுத்தத்தைக் குறைத்து, வெளியிலிருந்து ஏதாவது வருகிறதா என்று பார்ப்பது நெகட்டிவ். அடைப்பு சரியில்லை என்றால் துளையிட்டு மறுபடி சிமென்ட்டைத் திணிக்கலாம், அதற்கு ஸ்குவீஸ் என்று பெயர். அது செலவும் நேரமும் பிடிக்கும், எப்போதும் வெற்றி பெறும் என்று சொல்ல முடியாது.

டீப்வாட்டர் ஹொரைசனில் என்னதான் நடந்தது?

டீப்வாட்டர் ஹொரைசன் என்பது ரிக்கின் பெயர். அது துளையிட்டது மெக்சிகோ வளைகுடாவில் மக்கொண்டோ என்ற கிணறு. கடல் ஆழம் சுமார் 1500 மீட்டர், கிணற்றின் மொத்த ஆழம் 18,360 அடி. அழுத்த ஜன்னல் மிகவும் குறுகியது. துளையிடும்போதே பாறை மட்டைக் குடித்தது. அதனால் எடை குறைந்த நைட்ரஜன் நுரைச் சிமென்ட், அதுவும் சுமார் 60 பீப்பாய் மட்டும் போட்டார்கள். அந்தக் கலவையின் சில முந்தைய ஆய்வகச் சோதனைகள் நுரை நிலையாக நிற்கவில்லை என்று காட்டியிருந்தன. 2010 ஏப்ரல் 20 நள்ளிரவு கடந்து சிமென்ட் வேலை முடிந்தது. மட் தடையின்றித் திரும்பி வந்ததால் வேலை நன்றாக முடிந்தது என்று முடிவு செய்து, சி.பி.எல். எடுக்க வந்திருந்த குழுவைத் திருப்பி அனுப்பினார்கள்.

பிறகு நெகட்டிவ் சோதனை. டிரில் பைப் கேஜில் 1,400 பி.எஸ்.ஐ. ஏறி நின்றது. பி.ஓ.பி.யிலிருந்து மேலே வரும் கில் லைன் என்ற இன்னொரு குழாயில் ஓட்டம் இல்லை. இரண்டும் ஒரே கிணற்றோடு இணைந்தவை. ஒன்று 1,400, இன்னொன்று பூஜ்யம் என்றால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. மேலே உள்ள மட்டின் எடை ஆனுலரை அமுக்குவதால் வரும் விளைவு என்று அந்த 1,400க்கு ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. சோதனை வெற்றி என்று முடிவானது. கனமான மட்டை எடுத்துவிட்டுக் கடல்நீரை ஏற்றினார்கள். இரவு பத்து மணிக்குள் வெடித்தது. 126 பேரில் 11 பேர் இறந்தார்கள். ஷியர் ராம் பைப்பை முழுதாக வெட்டி மூடவில்லை. எண்ணெய் 87 நாள் கடலில் கொட்டியது.

21 சென்ட்ரலைசருக்குப் பதில் 6 மட்டும் போட்டதைப் பற்றித்தான் பலரும் பேசுவார்கள். ஆனால் எண்ணெய் வெளிச்சந்து வழியாக அல்ல, கேசிங்கின் அடி வழியாக உள்ளே ஏறியது என்றுதான் விசாரணைகள் பெரும்பாலும் முடிவுக்கு வந்தன. என்னை இன்றும் தூங்கவிடாதது அந்த 1,400தான். கிணறு தெளிவாகச் சொன்னதற்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இந்தியாவில் இப்படி நடந்திருக்கிறதா?

ஆமாம். 1995 ஜனவரி 8 அன்று ஆந்திராவின் பாசர்லபூடியில் எரியத் தொடங்கிய வாயுக் கிணறு 65 நாள் எரிந்தது.

அசாமின் பாக்ஜன் இன்னும் நெருக்கமான பாடம். 2020 மே 27, ஐந்தாம் எண் கிணற்றில் பராமரிப்பு வேலை. உள்ளே சிமென்ட் பிளக் போட்டுவிட்டு, பி.ஓ.பி.யைக் கழற்றும் வேலை நடந்தபோது வாயு சீறியது. ஜூன் 9 அன்று தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிரிழந்தார்கள். மாகுரி-மோதாபுங் ஈரநிலமும் சுற்றுவட்டார ஊர்களும் பாழாயின. நவம்பர் நடுவில்தான் தீ அணைந்தது. சோதித்து உறுதிசெய்யாத சிமென்ட்டை ஒரு கதவு என்று எண்ணி, இருந்த இன்னொரு கதவைக் கழற்றக்கூடாது.

எங்கள் டெல்டாவில் நிலத்தடி நீரைக் காப்பது எது?

மேல்பகுதிக் கேசிங்கும், தரைவரைக்கும் ஏறி வந்த அதன் சிமென்ட்டும். குழம்பு தரைக்கு வந்ததைக் கண்ணால் பார்த்தார்களா, வராமல் போயிருந்தால் மேலிருந்து நிரப்பினார்களா என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் கசிந்தது வயல் வழியாகப் போகும் எண்ணெய்க் குழாய். அது கிணற்றுச் சிமென்ட் சம்பந்தப்பட்டதல்ல. இரண்டையும் குழப்பினால் பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு நழுவ வழி கிடைத்துவிடும். அதே நேரம், சிமென்ட் என்றென்றைக்கும் நிற்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். சூடும் அழுத்தமும் மாறிமாறி வந்தால் குழாய்க்கும் சிமென்ட்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விழலாம். கைவிடப்பட்ட கிணறுகளின் வெளிக்கேசிங் அழுத்தத்தைத் தொடர்ந்து பார்ப்பது இதனால்தான் முக்கியம்.

வேலைக்குச் சேரச் சான்றிதழ் வேண்டுமா?

டிரில்லர், அசிஸ்டென்ட் டிரில்லர் வேலைக்கு ஐ.டபிள்யூ.சி.எஃப். அல்லது ஐ.ஏ.டி.சி. என்ற சர்வதேச அமைப்புகளின் வெல் கன்ட்ரோல் (கிணற்று அழுத்தக் கட்டுப்பாடு) சான்றிதழ் கேட்பார்கள். தொடக்க வேலைகளுக்குப் பல இடங்களில் தேவைப்படாது. ஆனால் மேலே போட்ட 360 கணக்கை மனதிலேயே போடத் தெரிந்து போங்கள்.

சிமென்ட் வேலை நடக்கும்போது நான் எங்கே நிற்க வேண்டும்?

பம்பிலிருந்து கிணற்றுத் தலைக்குப் போகும் உயரழுத்த இரும்பு லைனைத் தாண்டாதீர்கள், அதன் மேல் மிதிக்காதீர்கள், யூனியன் (குழாய் இணைப்பு) இருக்கும் இடத்துக்கு நேரே நிற்காதீர்கள். அழுத்தத்தோடு இருக்கும்போது சுத்தியலால் எதையும் இறுக்கக் கூடாது. லைன் சோதனை முடிந்து சூப்பர்வைசர் கை காட்டிய பிறகும் தடுப்புக் கயிற்றுக்கு வெளியிலேயே இருங்கள். பிளக் உட்காரும் நேரத்தில் எல்லோரும் கேஜைப் பார்க்க நெருங்கி வருவார்கள். அப்போது நீங்கள் மட்டின் தொட்டிப் பக்கம் போய், கிணற்றிலிருந்து திரும்பி வரும் மட் நின்றுவிட்டதா என்று பாருங்கள். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் உடனே டிரில்லரிடம் சத்தமாகச் சொல்லுங்கள்.